அத்தையின் கால்விரல் பார்த்த திசை

மாடிப்படி இறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிற என் வயதுக்காரிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. ஆனால் பத்து வயதில் வண்டி தள்ள ஆரம்பித்தவள், அதனால் முட்டிக்கு மட்டும் எழுபது ஆகிவிட்டது. போன வருஷம் பாட்டியும் ஆகிவிட்டேன். பேத்திக்கு முன்பல் ரெண்டு வந்திருக்கிறது. சிரித்தால் போதும், எனக்கு வேலை ஓடாது.

சொல்கிறேன் என்றால் வாயால்தான். எனக்கு எழுத்து தெரியாது. என் பெண் தில்லியில் பிறந்தவள், தமிழ் பேசுவாள், எழுத வராது. மாப்பிள்ளை விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர். அவர்தான் எழுதுகிறார். நான் பேசுவதைத் திருத்தி நல்ல தமிழாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். சண்டை வருகிற இடத்தில் மட்டும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். சண்டையைத் திருத்தினால் உப்பு போய்விடும்.

தில்லியில் அப்போது மெட்ரோ கிடையாது. ஆபீஸ்காரர்கள் சார்ட்டர்ட் பஸ்ஸில் போவார்கள். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் ஓரத்தில் ஒரு நாவல் மரம், அதன் அடியில் பஸ் நிற்கும். ஜூலையில் அந்த மரத்தடிக்கு வந்தால் வெள்ளைச் சட்டையெல்லாம் ஊதாப் புள்ளி ஆகிவிடும், அதனால் ஆபீஸ் பாபுக்கள் தலைக்கு மேல் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் எங்கள் வண்டி நிற்கும். ரேடி என்று சொல்வார்கள் இங்கே. நாலு சைக்கிள் சக்கரம், மேலே பலகை. இட்லியும் சாம்பாரும். குடும்பத்துக்குச் சோறு அந்த நாலடி இடத்திலிருந்துதான் வந்தது.

அந்த இடத்துக்குக் காகிதம் எதுவும் கிடையாது. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. தினமும் காலையில் பஸ் வருவதற்கு முன்னால் வண்டி நின்றால் இடம் உன்னுடையது. தொடர்ந்து மூன்று காலை காலியாக இருந்தால் அடுத்தவர் வந்து நிற்கலாம், யாரும் கேட்கக் கூடாது. நடைபாதைக்காரர்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். அப்பாவும் அப்படித்தான், சாவி செய்து கொடுக்கிறவர் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பாத சமயத்தில், அந்த இடத்தைப் பிடித்திருந்தார்.

எங்கள் குடிசை ரயில் தண்டவாளத்து ஓரம் பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்து சமமாகக் கொஞ்ச தூரம். அப்புறம் ஒரு ஏற்றம், சாக்கடைக் கால்வாய்மேல் முதுகு வளைந்த பாலம், அந்தப் பக்கம் இறக்கம், அதன் அடியில் நாவல் மரம். அவ்வளவுதான் எங்கள் உலகம். அப்பா ஒரு ஆளாக, பீடியை உதட்டில் வைத்துக்கொண்டே தள்ளிப் போய்விடுவார். தோள்பட்டை அப்படி இருக்கும்.

எனக்குப் பத்து வயது நடந்த மே மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூரைமேல் தார்ப்பாய் கட்டப் போன அப்பா கீழே விழுந்தார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள், குடிசையில் கயிற்றுக் கட்டிலில் கிடத்தினோம். ரெண்டு மாசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் சோளே, அதாவது கொண்டைக்கடலைக் குழம்பு, விற்கிறவர் பார்க்க வந்தார். நாலு வாழைப்பழம் கொண்டுவந்தார். நல்ல மனுஷர். அவர் வண்டி வெயிலில் நிற்கும், எங்கள் மரத்தடிமேல் ரொம்ப நாளாகக் கண். அம்மாவிடம் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "பாபிஜி, தீன் தின் கா காய்தா ஹை. மைன் நஹீ, தோ கோயீ ஔர்." மூன்று நாள் வழக்கம் இருக்கிறது அண்ணி, நான் வராவிட்டால் வேறொருத்தர் வருவார் என்று அர்த்தம். ஏமாற்றவில்லை, முகத்துக்கு நேராகச் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

அவர் போனதும் அம்மா தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டாள். அம்மா கொண்டை போட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"வண்டி நாளைக்குப் போவும். நாம தள்ளுவோம்."

"யாரு நாம?" என்றாள் அத்தை.

அத்தை, அப்பாவின் அக்கா. புருஷன் போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். சாம்பார் அவள் கை. பாபுக்கள் சாம்பாருக்குத்தான் வந்தார்கள், இட்லி அதை நனைக்க ஒரு சாக்கு. அம்மாவுக்கு இது தெரியும், பிடிக்காது. ரெண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்து ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் சாப்பிடுவார்கள்.

"நானு, நீங்க, புள்ள" என்றாள் அம்மா.

"மூணு பொம்பளைங்க சேந்தா ஒரு ஆம்பளை பலம் வராதா? தம் கட்டித் தள்ளுங்க" என்றார் அப்பா, கட்டிலிலிருந்து. அடுத்த ரெண்டு மாசமும் அந்தக் கட்டிலிலிருந்துதான் அவர் வண்டி தள்ளினார்.

அக்கம்பக்கத்து ஆம்பளைகளைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர்கள் எல்லாம் விடிவதற்கு முன்னாலேயே கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் நின்றால் மேஸ்திரி அடுத்த நாள் சேர்க்க மாட்டான். சாமானை ரெண்டு நடையாகக் கொண்டுபோகலாமே என்றால், அங்கே ஒரு ஆள் காவல், இங்கே ஒரு ஆள் காவல், தள்ள யார்?

முதல் நாள் திங்கட்கிழமை. வண்டியில் ஸ்டவ், தண்ணீர் கேன், இட்லிப் பாத்திரம், தட்டு, முன்பக்கம் பெரிய சாம்பார் அண்டா. பின்னால் அம்மாவும் நானும். தள்ளினோம், நகரவில்லை. இன்னும் தள்ளினோம், நகரவில்லை. வண்டிக்கு வேர் விட்டுவிட்டது என்று நினைத்தேன். திடீரென்று ஒரு முனகல், நகர்ந்தது. நகர்ந்தபிறகு அத்தனை கஷ்டம் இல்லை, கை வைத்தாலே போனது. எனக்கு ஒரே சந்தோஷம். சிரித்துக்கொண்டே தள்ளினேன்.

ஆனால் வண்டி நேராகப் போகாமல் இடதுபக்கமாக ஒதுங்கியது. அம்மா வலது முனையில், நான் இடது முனையில். அவள் பலம் எங்கே, என் பலம் எங்கே? அவள் பக்கம் முந்திக்கொண்டு போக, என் பக்கம் பின்தங்க, வண்டி மூக்கைச் சாக்கடைப் பக்கம் திருப்பியது. அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. "நிறுத்துடி!" என்று அம்மா கத்தினாள். ரெண்டு பேரும் பின்னால் இழுத்து நிறுத்தினோம்.

வண்டி நின்றது. சாம்பார் நிற்கவில்லை.

மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு அலை எழும்பி முன்னால் நடந்த அத்தையின் முழங்கைமேல் விழுந்தது. அத்தை கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முந்தானையால் துடைத்தாள். இடது சக்கரம் சாக்கடைக்குள் இறங்கியிருந்தது. அதை எடுப்பதற்குள் பாலத்துக்கு அந்தப் பக்கம் சார்ட்டர்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்டுப் போய்விட்டது. அன்றைக்கு இட்லியைக் குடிசைப் பிள்ளைகள் எல்லாரும் தின்றார்கள். எனக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை, ஆறு இட்லி சாப்பிட்டேன்.

ரெண்டாம் நாள் அம்மாவை நடுவில் நிறுத்தினேன். ஆமாம், நான்தான். "நீ நடுவுல நில்லுமா, ஓரத்துல நின்னா வண்டி திரும்பிக்குது" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தாள். நான் அவள் கைகளுக்கு நடுவில் புகுந்துகொண்டேன். முதுகில் அவள் வயிற்றின் சூடு. வேர்வையும் மாவுப் புளிப்பும் சேர்ந்த வாசனை. அந்த வாசனைக்காகவே அந்தக் கோடையை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்பேன், ஆனால் வண்டியை வேறு யாராவது தள்ள வேண்டும்.

வண்டி கோடு போட்டது போல் போனது. ஏற்றத்தின் அடி வரை. அங்கே நின்றது.

தள்ளினோம். ஒரு முழம் ஏறியது, நின்றது. பின்னால் போகவும் இல்லை, முன்னால் போகவும் இல்லை. அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. என் செருப்பு வார் அறுந்தது. முன்னால் என்ன நடக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது, இட்லிப் பாத்திரமும் குடைத்துணி மூட்டையும் மறைத்துக்கொண்டிருந்தன. அங்கிருந்து அத்தையின் குரல் மட்டும் வந்தது: "மெதுவா! மெதுவா! தளும்புதுடி!"

"மெதுவாத் தள்ளினா ஏறுமா அண்ணி?"

"வேகமாத் தள்ளினா என் மேல ஊத்தும். நேத்து ஊத்துனது பத்தாதா?"

அறுந்த வாரை எடுக்கக் கீழே குனிந்தேன். குனிந்தவள் வண்டிக்கு அடியில் பார்த்தேன். அங்கே, முன்சக்கரங்களுக்கு நடுவில், அத்தையின் ரெண்டு கால்கள். ஹவாய் செருப்பு. வெடித்த குதிகால் எனக்குத் தெரியவில்லை. விரல்கள் தெரிந்தன. பத்து விரலும் எங்களைப் பார்த்திருந்தன, மண்ணில் ஊன்றி, நடுங்கிக்கொண்டு.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. எங்கள் விரல்கள் பாலத்தைப் பார்த்திருக்கின்றன, அவள் விரல்கள் குடிசையைப் பார்த்திருக்கின்றன. எழுந்து சுற்றிப் போய்ப் பார்த்தேன். அத்தை ஏற்றத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அண்டா தன்மேல் சாயாமல் இருக்க, ரெண்டு உள்ளங்கையாலும் அதை எங்கள் பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தாள். முழு பலத்தோடு. முழங்கையில் கொப்புளம், அதன்மேல் வெள்ளையாகப் பற்பசை. கண் மூடியிருந்தது.

மூன்று பேரும் தம் கட்டித்தான் தள்ளிக்கொண்டிருந்தோம். யாரும் சோம்பேறி இல்லை. அதனால்தான் வண்டி அசையவில்லை.

ஹாரன் கேட்டது. பஸ் போனது.

பள்ளத்துக்குத் திரும்பியதும் அப்பா, "பலம் போட்டிருக்க மாட்டீங்க" என்றார். அம்மா சட்டியை நங்கென்று வைத்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அத்த எதிர்ல தள்றாங்கப்பா. அதான் ஏறல."

அம்மா அத்தை பக்கம் திரும்பினாள்.

"இது இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?" என்றாள் அம்மா. "நான் கழுத்த நீட்டுன நாள்லேருந்து எதிர்லதான் தள்றாங்க."

"ஏண்டி, என் தம்பி வண்டிய நானா கவுப்பேன்?" என்றாள் அத்தை. "நீங்க அம்மாளும் பொண்ணுமே தள்ளிக்கினு போங்க. நான் சாம்பார் வச்சித் தரேன், அதோட என் வேல முடிஞ்சுது."

அப்பா கையை ஓங்கினார். கட்டிலிலிருந்து எட்டவில்லை. "பெரியவங்கள குத்தம் சொல்ற வாயா இது?" என்றார். இப்போது நினைத்தால் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. படுத்துக் கிடக்கிறவருக்குச் சக்கரத்தின் அடியில் இருப்பது எப்படித் தெரியும்? ஆனால் அன்று அழுதேன். அழுதுகொண்டே யோசித்தேன். அத்தை கெட்டவள் இல்லை, பயந்தவள். கையை எடுத்தால் அண்டா தன்மேல் சாயும், பின்னால் வந்து தள்ளினால் வண்டி உருண்டு மேலே வரும். அதுதானே பயம். அண்டாவையும் வண்டியையும் வேறொன்று பிடித்துக்கொண்டால்?

பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் போய் ஒரு செங்கல் எடுத்து வந்தேன். அதன் நடுவில் பள்ளமாக ரெண்டு எழுத்து இருக்கும். என்ன எழுத்து என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒன்று கொக்கி மாதிரி, ஒன்று ஏணி மாதிரி.

மூன்றாம் நாள் புதன்கிழமை. இன்னும் வெயில் ஏறவில்லை, ஆனாலும் காற்று சூடாக இருந்தது. அத்தை சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா கொண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நான் காலி வண்டியை ஏற்றத்தின் அடிவரைக்கும் உருட்டிப் போய், ஒரு முழம் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கீழே செங்கல்லைச் சொருகினேன். திரும்பி ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன். கொப்புளம் இல்லாத கையை.

"வுடுடி."

"ஒரே ஒரு வாட்டி, அத்த. வண்டிய எங்க பக்கமாத் தள்ளு. கீழ தள்ளு. உன் பலத்த எல்லாம் போட்டுத் தள்ளு."

என்ன தோன்றியதோ, வந்தாள். வண்டிக்கு முன்னால் நின்றாள். தள்ளினாள். வண்டி அசையவில்லை. குதிகாலை ஊன்றி மூச்சைப் பிடித்துத் தள்ளினாள். ஊஹூம். செங்கல் சும்மா இருந்தது.

"பாத்தியா? உன் பலத்தையே இது தாங்குது. நான் சக்கரத்து பின்னாடியே இத வச்சிக்கினு வரேன். வண்டி திரும்பி வராது. நீ பின்னாடி வந்து அம்மா கூடத் தள்ளு."

"அண்டா?"

"கட்டிடலாம்."

அத்தை செங்கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குடிசைக்குள் போய்த் தன் பழைய நூல்புடவை ஒன்றைக் கொண்டுவந்தாள். வண்டியைத் திரும்ப உருட்டிவந்து சாமான் ஏற்றியதும், அண்டாவின் ரெண்டு காதுக்குள்ளும் புடவையை விட்டு, பலகையின் நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டினாள். அவள் போட்ட முடிச்சை அவிழ்க்க அப்புறம் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது.

ஏற்றம் வந்தது. அம்மா நடுவிலிருந்து வலதுபக்கம் ஒதுங்கி இடம் விட்டாள். அத்தை இடதுபக்கம் கை வைத்தாள். ரெண்டு பேர் தோளும் இடித்துக்கொண்டது. பத்து வருஷமாக அவர்கள் அத்தனை பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

"சொல்லுங்க அண்ணி" என்றாள் அம்மா.

"ம்ம்ம்... தள்ளு!"

ஏறியது! நான் செங்கல்லைச் சக்கரத்தின் பின்னால் நகர்த்தினேன். வண்டி அதன்மேல் சாய்ந்து இளைப்பாறியது. "ம்ம்ம்... தள்ளு!" இன்னும் ஒரு முழம். செங்கல். இன்னொரு முழம். செங்கல். என் விரல் ரெண்டு தடவை நசுங்கியது, நகம் கறுத்து ஒரு மாசம் கழித்து விழுந்தது, அதை ஒரு தீப்பெட்டியில் வைத்திருந்தேன், எங்கே போனதோ. வேர்வை கண்ணில் இறங்கியது. நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை, எத்தனை முழம் என்று சொல்ல மாட்டேன். திடீரென்று சாய்வு தீர்ந்து வண்டி சமமாக நின்றது. பாலத்து உச்சி. கீழே நாவல் மரம் தெரிந்தது. மரத்தடியில் சோளேக்காரர், தன் வண்டியின் முன்சக்கரத்தை எங்கள் இடத்துக்குள் வைத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்து நின்றார்.

"ஜல்தி!" என்று நான் கத்தி, முதுகைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினேன்.

அங்கேதான் புத்தி கெட்டது. இறக்கத்தில் தள்ளுவாரா யாராவது? வண்டி கிளம்பியது. முதலில் நடை, அப்புறம் ஓட்டம். அம்மா பின்சட்டத்தைப் பிடித்து இழுத்தாள், அவளையும் இழுத்துக்கொண்டு போனது. நான் பலகையில் தொங்கினேன், என் கால் தரையில் தேய்ந்தது. "அய்யோ, போவுதே! போவுதே!"

அத்தை ஓடினாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் ஓடி நான் பார்த்தது அன்று ஒரே நாள். வண்டியை முந்தி, முன்னால் போய்த் திரும்பி, ரெண்டு உள்ளங்கையையும் பலகையில் வைத்து, குதிகாலை ஊன்றினாள். விரல்கள் எங்களைப் பார்த்திருந்தன.

"பின்னால இழுங்கடி! ரெண்டு பேரும் தொங்குங்க!"

செருப்பு ரோட்டில் சர்ர்ரென்று தேய்ந்தது. ஓட்டம் அடங்கியது. ஆனால் வண்டி நிற்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். இறக்கம் இழுக்கிற அளவுக்கு நாங்கள் மூன்று பேரும் பிடித்தோம், வண்டி அதே நடையில், வேகம் கூடாமல் குறையாமல், அத்தை பின்னோக்கி நடக்க நடக்க, கல்யாண ஊர்வலம் மாதிரி இறங்கியது. சாம்பார்கூடத் தளும்பவில்லை.

சோளேக்காரர் எங்களைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். தன் வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஆவோ, பாபிஜி, ஆவோ" என்று வரவேற்றுத் துண்டால் எங்கள் இடத்துத் தூசியைத் தட்டிவிட்டார். பஸ் இன்னும் வரவில்லை. நரைத்த மீசை கிளார்க் சார் ஒருவர் சாப்பாட்டுப் பையோடு ஓடிவந்தார். "என்னம்மா, ரெண்டு நாளாக் காணோம்? ஊருக்குப் போய்ட்டீங்கன்னு நெனச்சேன்."

"எங்க ஊரு இதான் சார்" என்றாள் அத்தை, கரண்டியை எடுத்துக்கொண்டே.

மத்தியானம் திரும்பி வந்து சொன்னதும் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "தம் கட்டித் தள்ளினா ஏறும்னு நான் அன்னைக்கே சொன்னேனே." அம்மாவும் அத்தையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்பா கேட்கக் கேட்க இன்னும் சிரித்தார்கள். அத்தை கண்ணைத் துடைத்தாள், அம்மா அவள் கையில் இருந்த கொப்புளத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். நான் போட்ட பற்பசையை வழித்துவிட்டுத்தான்.

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான். ஏறும்போது அத்தை பின்னால், இறங்கும்போது முன்னால். பாலத்து உச்சியில் அவள் சுற்றிக்கொண்டு போவாள், யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அதற்கப்புறமும் அவளோடு சண்டை போட்டாள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எதிரில் தள்ளுகிறாள் என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு வருஷம் குடிசைகளை எடுத்தார்கள், வண்டி போனது, செங்கல் எந்தச் சுவரில் போய்ச் சேர்ந்ததோ. அத்தையும் போய்விட்டாள்.

இதெல்லாம் இப்போது எதற்கென்றால், முந்தாநாள் மாப்பிள்ளை பேத்திக்கு நடைவண்டி வாங்கி வந்தார். மரத்தில், மூன்று சக்கரம். பேத்தி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். தள்ளினாள். நடைவண்டி நகரவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, முகம் சிவக்க, இன்னும் தள்ளினாள். "சக்கரத்துல ஏதோ மாட்டியிருக்கு, பாருங்க" என்றேன் மாப்பிள்ளையிடம். அவர் குனிந்து பார்த்தார். சக்கரத்தில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பேத்தியின் கவுன் பின்பக்கம் என் கைக்குள் சுருண்டிருந்தது. எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

தரை சமமாகத்தான் இருந்தது. விட்டேன்.